தட்டொலியின் காரணம் கண்டவர்

இலக்கணமும் தருக்கமும் கற்பித்தலையே தொழிலாகக் கொண்ட பண்டிதன் ஒருவன் மோட்டார் வண்டியின் எஞ்சினைப்பற்றி எழுதப் புகுந்தால், அஃது ஏனென வாசகர் வினவுதல் இயல்பே. தருக்க நூலிற் காரணத்தின் இலக்கணம் கூறுமிடத்து, மலையும் புகையும், குயவனும் குடமும் என்னும் பழைய எடுத்துக்காட்டுக்களோடு இக்காலத்துக்கு இசைந்த வேறொன்றும் மாணாக்கர் முன் வைக்க வேண்டுமென நெடுநாள் தேடியிருந்தேன். அத்தேட்டத்திற் கிடைத்தவரே தோமஸ் மிட்ஜ்லி என்னும் அமெரிக்கப் பொறியியலார். அவருடைய வாழ்க்கையின் முற்பகுதி, காரணம் தேடுவார் எவர்க்கும் சிறந்த பாடம். பிற்பகுதியை மாணாக்கருக்குச் சொல்லும்போது எனக்கு நாத் தடுமாறுவதுண்டு. ஆயினும் அதனை விட்டுவிட்டு முற்பகுதியை மாத்திரம் சொல்வது நேர்மையன்று.

மிட்ஜ்லி 1889 ஆம் ஆண்டு மே மாதம் 18 ஆந் திகதி, பென்சில்வேனியா மாநிலத்துப் பீவர் போல்ஸ் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையாரும் புதியன புனைபவரே. வண்டிச் சில்லுகளின் றப்பர் வளையங்களைத் திருத்தியமைப்பதில் ஈடுபட்டவர். மகன் வளர்ந்தது ஒகையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில். கோர்னெல் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் கற்று 1911 இற் பட்டம் பெற்றார். பிற்காலத்தில் இரசாயன அறிஞர் என உலகம் போற்றிய இவர், இரசாயனத்தை முறையாகக் கற்றுப் பட்டம் பெற்றவரல்லர் என்பது கருதத்தக்கது. 1916 இல் டேற்றன் நகரில் சார்ள்ஸ் கெற்றரிங் என்பாரின் ஆய்வுகூடத்திற் சேர்ந்தார். அங்கே அவரிடம் ஒப்புவிக்கப்பட்டது ஓர் ஓசை.

அந்த ஓசையின் வரலாறு சிறிது கூறவேண்டும். கெற்றரிங், கைப்பிடியைச் சுழற்றாமல் மின்விசையால் எஞ்சினை இயக்கி வைக்கும் கருவியை ஆக்கியவர். 1912 ஆம் ஆண்டின் கடிலாக் கார்களில் அக்கருவியும் பற்றரியால் மின்பொறி எழுப்பும் முறையும் ஒருங்கே பொருத்தப்பட்டன. அக்காலத்திலேயே, மேடு ஏறும்போதும் பாரம் இழுக்கும்போதும் எஞ்சினுள்ளிருந்து தகரப் பேணியில் ஆணிகளை இட்டுக் குலுக்கினாற் போன்ற ஒலி எழுவதைப் பலரும் முறையிட்டனர். பழி பற்றரி மின்பொறியின்மேற் சென்றது. புதிதாக வந்தது அது. புதிதாகக் கேட்டது ஒலி. ஆதலின் இதற்கு அது காரணம் என்றனர். ஒன்றன்பின் ஒன்று வந்தமை பற்றியே முன்னதைப் பின்னதற்குக் காரணமாக்கும் இவ்வழு மிகப் பழையது. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதையை நம்மவர் வழங்குவதும் இதுபற்றியே.

கெற்றரிங்கின் நிறுவனம் பண்ணை வீடுகளுக்கு விளக்கெரிக்கும் சிறு மின்னாக்கி எஞ்சின்களையும் விற்றுவந்தது. தீப்பற்றும் அச்சம் கருதி அவை பெற்றோலை விடுத்து மண்ணெண்ணெயால் இயங்குமாறு அமைக்கப்பட்டிருந்தன. அவற்றில் ஒலி இன்னும் கொடிதாயிற்று. மின்பொறி அதே மின்பொறி. எரிபொருள் மாறியபோது நோய் மிகுந்தது. ஐயம் எரிபொருளின் பக்கம் திரும்புதற்கு இதுவே தொடக்கம்.

யாழ்ப்பாணத்தார்க்கு இதனை விளக்கிக் கூற வேண்டியதில்லை. 1990 இன் பின்னர்க் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டிருந்த ஆண்டுகளில், சிறு போத்தலில் வைத்திருந்த பெற்றோலிற் சில துளிகளைக் காபரேற்றரில் விட்டு எஞ்சினை எழுப்பி, பின் மண்ணெண்ணெயில் ஓட்டிச் சென்றோம். எங்கள் ஊரின் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் புகை கக்கிக்கொண்டும் தட்டிக்கொண்டும் ஓடியது அக்காலத்தில் வாழ்ந்தார் எவர் செவியிலும் இன்னும் இருக்கும். டேற்றன் நகரத்து ஆய்வுகூடத்தில் 1916 இற் கேட்ட ஒலியும் அதுவே.

இனி, அவ்வொலி யாதென்று காண்போம். சிலிண்டரினுள் எரிபொருளாவியும் காற்றும் கலந்து புகுகின்றன. பிஸ்டன் மேலெழுந்து அதனைச் சிறு இடத்துள் அமுக்குகின்றது. பிளக்கில் மின்பொறி எழுகின்றது. தீச்சுடர் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பரவிப் பிஸ்டனைக் கீழே தள்ளுகின்றது. எவ்வளவுக்கு மிகுதியாக அமுக்கி எரிக்கின்றோமோ அவ்வளவுக்கு அதே எரிபொருளிலிருந்து மிகுந்த வேலையைப் பெறலாம். ஆனால் அமுக்கம் ஓரளவைக் கடந்தவுடன் தட்டொலி எழுந்துவிடும். அதனால் அக்காலத்துக் கார்களில் அமுக்க விகிதம் ஏறத்தாழ நான்குக்கு ஒன்று என்னும் அளவோடு நின்றுவிட்டது.

தட்டொலியை வெறும் ஓசையென்று விட்டுவிடவும் இயலாது. நெடுநாள் தட்டும் எஞ்சினிற் பிஸ்டனின் தலை வெந்து துளைபடும். பிஸ்டன் வளையங்கள் ஒடியும். சிலிண்டர் மூடியின் கீழிட்ட கஸ்கற் வெடித்துப் போகும். அதன்பின் அமுக்கம் கசிந்து, வண்டி சிறு மேட்டுக்கும் திணறும். கராச்சில் தேர்ந்த கைவினைஞர் இதனை ஆராயும் முறை எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தருவது. பிளக்கைக் கழற்றி அத்துளையில் அமுக்கமானியைப் பொருத்தி, எஞ்சினைச் சுழற்றி ஒவ்வொரு சிலிண்டரின் அளவையும் குறித்துக்கொள்வார். ஒன்று குறைந்திருப்பின், அதனுள்ளே சிறிது எஞ்சின் எண்ணெயை விட்டு மறுபடியும் அளப்பார். அளவு உயர்ந்தால், எண்ணெய் வளையத்தின் இடுக்கை அடைத்தது. ஆகவே குற்றம் வளையத்தினது அல்லது சிலிண்டர்ச் சுவரினது. உயராவிட்டால் கசிவு பெரும்பாலும் வால்வில். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் ஒருங்கே குறைந்திருந்தால் அவற்றின் இடையே கஸ்கற் வெடித்தது. உடன்பாட்டாலும் எதிர்மறையாலும் காரணத்தைத் துணியும் முறை இதுவன்றி வேறென்ன? தருக்க நூலைக் கண்ணாலும் காணாதவர் அதனைக் கையாற் செய்கின்றார்.

மிட்ஜ்லி செய்ததும் அத்தகையதே. சிலிண்டரினுள் அமுக்கம் நொடிக்கு நொடி மாறுவதை ஒளிக்கதிரொன்று வரைந்து காட்டுமாறு, சிறு கண்ணாடி பொருத்திய கருவியை அமைத்துக்கொண்டார். அதுவரை நிலவிய கொள்கை, மின்பொறி எழுமுன்னரே கலவை தானாகத் தீப்பற்றுதலால் ஒலி எழுகின்றது என்பது. கருவி வரைந்த கோடு அதனை மறுத்தது. மின்பொறி உரிய காலத்தில் எழுகின்றது. தீச்சுடர் முறைப்படி பரவத் தொடங்குகின்றது. அதன்பின்னரே அமுக்கம் திடீரெனச் செங்குத்தாக உயர்ந்து நடுங்குகின்றது. சுடர் இன்னும் சென்று சேராத கடைசிப் பகுதிக் கலவை, அழுத்தமும் சூடும் தாங்காமல் ஒரேயடியாக எரிந்து விடுவதே தட்டொலி என்று இன்று கூறுகின்றோம். பற்றரி பழியினின்றும் நீங்கியது. நோய் எரிபொருளினது என்பது நிலைபெற்றது.

அடுத்து மருந்து தேட வேண்டும். இங்கே தான் நான் மாணாக்கர்க்கு விரும்பிக் கூறும் கதை வருகின்றது. பனிக்காலம் நீங்குமுன்னரே பூக்கும் சிறு கொடியொன்று அமெரிக்கக் காடுகளில் உண்டு. அதன் இலையின் பின்புறம் செந்நிறம். அச்செந்நிறம் வெப்பத்தை ஈர்த்தலாலேயே அது முந்திப் பூக்கின்றது போலும் என எண்ணிய மிட்ஜ்லியும் கெற்றரிங்கும், மண்ணெண்ணெயைச் செந்நிறமாக்கினால் அதுவும் வெப்பத்தை ஈர்த்து விரைவில் ஆவியாகி ஒழுங்காக எரியுமன்றோ என்று கருதினர். எண்ணெயிற் கரையும் செஞ்சாயம் கைவசம் இல்லை. அயடீன் இருந்தது, அது மண்ணெண்ணெயிற் கரைந்து செந்நிறம் தருவது. அதனை இட்டார். ஒலி அடங்கிற்று.

வேறொருவராயின் அவ்விடத்திலேயே செந்நிறமே மருந்து என்று முடிவு கட்டியிருப்பார். மிட்ஜ்லி நிறத்தை மாத்திரம் பிரித்துச் சோதித்தார். மெய்யான செஞ்சாயங்களை வருவித்து இட்டுப் பார்த்தார். ஒன்றேனும் ஒலியை அடக்கவில்லை. நிறமற்ற அயடீன் சேர்வை ஒன்றை இட்டார், ஒலி அடங்கியது. குடத்துக்குக் குயவனது தண்டம் காரணமே. ஆனால் அத்தண்டத்தின் நிறம் காரணமன்று. எப்போதும் உடன்வந்தும் காரணமாகாத இதனைத் தருக்க நூலார் அந்நியதாசித்தம் என்பர். அயடீனின் செந்நிறம் அத்தகையது. தவறான கருத்திலிருந்து தொடங்கிச் சரியான பொருளைக் கண்டு, பின் தம் கருத்தையே தாம் மறுத்துக்கொண்ட இச்செயலை நான் மிட்ஜ்லியின் வாழ்க்கையில் மிக உயர்ந்ததாக மதிக்கின்றேன். அது 1916 ஆம் ஆண்டின் இறுதி. அவருக்கு வயது இருபத்தேழு.

அயடீன் விலை மிக்கது, உலோகத்தையும் அரிப்பது. ஆகவே தேட்டம் நீண்டது. 1919 இல் அனிலீன் கிடைத்தது. அதன் நாற்றம் பொறுக்கவொண்ணாதது. பின் செலினியம், தெலூரியம். தெலூரியத்தின் உள்ளிநாற்றம் ஆய்வாளரின் உடலிலும் உடையிலும் ஊறி, குளித்தாலும் போகாமல், அவர்களை மனிதர் நடுவே இருக்கவொட்டாது செய்தது. அப்போதும் கண்டபடி இட்டுப் பார்த்தலை விட்டு, மூலகங்களின் ஆவர்த்தன அட்டவணையைச் சுவரில் வைத்து, எத்திசையிற் சென்றால் ஆற்றல் மிகுகின்றதென ஒழுங்கு கண்டனர். அவ்வொழுங்கு வெள்ளீயத்துக்கும், அதன் கீழே ஈயத்துக்கும் வழிகாட்டிற்று. 1921 டிசம்பர் 9 இல் நால் எதைல் ஈயம் என்னும் சேர்வையைச் சிறிது இட்டவுடன் தட்டொலி முற்றாக அடங்கிற்று. ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு பங்கு பெற்றோலுக்கு ஒரு பங்கு போதியதாயிருந்தது.

ஈயம் நஞ்சு என்பது அன்று எவரும் அறியாத மறைபொருளன்று. உரோமர் காலந்தொட்டு அறிந்த செய்தி அது. இச்சேர்வையோ தோலினூடாகவும் ஊடுருவிப் புகுவது. வேறு மருந்தும் இருந்தது. அதே 1921 ஆம் ஆண்டின் ஒக்டோபரில், முப்பது வீதம் அற்ககோல் கலந்த பெற்றோலால் உயர் அமுக்க எஞ்சினுடைய காரை டேற்றனிலிருந்து இந்தியானாபொலிஸ் நகருக்கு மிட்ஜ்லியே செலுத்திச் சென்றார், தட்டொலியில்லை. ஆனால் அற்ககோல் பெருமளவில் வேண்டும்; அதனை எவரும் காய்ச்சலாம்; ஒருவர்க்கே உரிமையாக்கிப் பொருளீட்ட இயலாது. ஈயமோ கலனுக்கு 3 கன சென்ரிமீற்றர் போதும். உரிமையும் தம் கையில். 1923 பெப்ரவரி தொடக்கத்தில் டேற்றன் நகரத்தில் அது முதன்முதல் விற்பனைக்கு வந்தது. எதைல் என்று பெயரிட்டனர். ஈயம் என்னும் சொல் அப்பெயரில் இல்லை.

விற்பனை தொடங்குமுன்பே, 1923 சனவரியில், மிட்ஜ்லி தம் நுரையீரல் பாதிக்கப்பட்டதை உணர்ந்து, வேலையை விட்டு விலகித் தூய காற்றை நாடிப் புளோரிடாவுக்குச் சென்றார். காரணம் ஈயமென்பதை அவர் அறிந்திருந்தார். இதனை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இடையில் எஞ்சினிலும் ஒரு கேடு தோன்றிற்று. எரிந்த ஈயம் வால்வுகளிலும் பிளக்கிலும் படிந்து அவற்றை அரித்தது. தட்டொலி நீங்கிய எஞ்சின் வால்வு வழியே அமுக்கத்தை இழக்கலாயிற்று. ஈயத்தை ஆவியாக்கி வெளியேற்ற எதிலீன் புரோமைட்டைச் சேர்த்தனர். இதற்கு வேண்டிய புரோமீன் நிலத்திற் போதாமையால், 1930களில் வட கரொலைனாவின் கரையிற் கடல்நீரிலிருந்தே அதனைப் பிரித்தெடுத்தனர். வால்வைக் காத்தாயிற்று. வெளியேறிய ஈயம் எங்கே செல்லும் என்னும் வினா வீதியில் நடப்பார்க்கு விடப்பட்டது.

1924 ஒக்டோபர் இறுதியில், நியூ ஜேர்சி மாநிலத்துப் பேவே என்னுமிடத்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் இச்சேர்வையை ஆக்கிய தொழிலாளர் சித்தம் கலங்கினர். இல்லாதவற்றைக் கண்டு அலறினர். கட்டி வைக்க வேண்டியவராயினர். ஐவர் இறந்தனர், முப்பதுக்கு மேற்பட்டோர் வைத்தியசாலை சேர்ந்தனர். டேற்றனிலும் முன்னமே இருவர் இறந்திருந்தனர். பத்திரிகைகள் கொதித்தெழுந்தன. ஒக்டோபர் 30 இல் மிட்ஜ்லி நியூ யோர்க்கில் நிருபர்களை அழைத்து, அவர்கள் காண அச்சேர்வையைத் தம் கையில் ஊற்றிக் கழுவி, ஏறத்தாழ ஒரு நிமிடம் அதன் ஆவியை முகர்ந்தும் காட்டினார். நாள்தோறும் இவ்வாறு செய்தாலும் தமக்குத் தீங்கு வாராதென்றார்.

இச்செயலை அறியாமை என்று கொள்ள எனக்கு மனம் ஒருப்படவில்லை. தம் உடலில் அந்நஞ்சின் வினையை இருபது மாதங்களுக்கு முன் கண்டவர் அவர். ஒரு முறை முகர்ந்தவுடன் இறவாமை, நாள்தோறும் முகர்வார்க்குத் தீங்கின்மைக்கு ஏதுவாகுமா? செந்நிறத்தைப் பிரித்துச் சோதித்த அதே மிட்ஜ்லி, ஆய்வுகூடத்தில் இத்தகைய ஏதுப்போலியை ஒரு நொடியேனும் ஏற்றிருப்பாரா? மாணாக்கர் இவ்விடத்தில் அவருக்காக வாதிடுவதுண்டு: நிறுவனம் ஏவியது, அவர் செய்தார் என்பர். ஏவலாற் செய்தார் என்பதற்குப் பேவேயில் இறந்த ஐவரின் வீட்டார் என்ன விடை சொல்வர் என்று மாத்திரம் கேட்டு அமைவேன்.

1925 மேயில் அரசாங்கத்தின் தலைமை வைத்திய அதிகாரி மாநாடு கூட்டினார், விற்பனை நிறுத்தப்பட்டது. யேல் பல்கலைக்கழகத்து யாண்டெல் ஹெண்டர்சன், தொழிலாளர் நோய்களை ஆராய்ந்த அம்மையார் அலிஸ் ஹமில்ற்றன் ஆகியோர் வீதிகள்தோறும் ஈயம் மெல்ல மெல்லப் படியுமென எச்சரித்தனர். 1926 சனவரியிற் குழுவினர் தடைசெய்யப் போதிய காரணம் இல்லையென்றனர். ஓடியதோ சில மாதச் சோதனை. தீங்கோ பல்லாண்டிற் சேர்வது. விற்பனை மறுபடி தொடங்கிற்று.

அதன்பின் நேர்ந்தவற்றை விரைந்து கூறலாம். அமுக்க விகிதம் ஆண்டுதோறும் உயர்ந்தது. தட்டாத தன்மையை அளக்க ஒக்டேன் எண் வந்தது. 1940 இல் பிரித்தானிய விமானங்கள் போரிட்டதும் ஈயம் கலந்த நூறு ஒக்டேன் எரிபொருளால். 1928 இல் மிட்ஜ்லி குளிரூட்டிகளுக்கு நஞ்சும் நெருப்புமற்ற வாயு தேடி, புளோரீன் சேர்ந்த பிறியோனைச் சில நாளிற் கண்டார். 1930 இல் அதனை முகர்ந்து, அம்மூச்சால் மெழுகுதிரியை அணைத்துக் காட்டினார். இம்முறை முகர்ந்தார்க்குத் தீங்கில்லை என்பது உண்மையே. ஆனால் அவ்வினத்து வாயுக்கள் வானுயரச் சென்று ஓசோனை அழிக்குமென 1974 இல் மொலினா, றோலண்ட் என்னும் இருவரும் எடுத்துக்காட்டினர். 1987 இல் மொன்றியலில் உடன்படிக்கை செய்து உலகம் அவற்றைக் கைவிடத் தொடங்கிற்று. இதனை அவர் அறிந்திருக்க வழியில்லை. ஆதலின் பிறியோனையும் ஈயத்தையும் ஒரே தராசில் வைத்து அவரைப் பழிப்பார் கூற்று எனக்கு உடன்பாடன்று.

பரிசுகள் பல அவரை அடைந்தன. 1941 இல் அமெரிக்க இரசாயனக் கழகம் தன் மிக உயர்ந்த பிறீஸ்ற்லி பதக்கத்தை அளித்தது. 1944 இல் அதன் தலைவருமானார். ஆனால் 1940 இல் இளம்பிள்ளைவாதம் தாக்கிக் கால்கள் செயலிழந்திருந்தன. பிறர் தூக்காமல் தாமே படுக்கையினின்றும் எழுவதற்குக் கயிறும் கப்பியும் கொண்டு ஒரு பொறி அமைத்துக்கொண்டார். 1944 நவம்பர் 2 ஆந் திகதி அக்கயிறுகளிற் சிக்குண்டு மூச்சடைத்து இறந்து கிடக்கக் கண்டனர். தற்செயல் என்பாரும் தாமே தேடிய முடிவு என்பாரும் உளர். வயது ஐம்பத்தைந்து.

ஈயம் அவருக்குப் பின்னும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் எரிந்தது. பூமியின் வயதைக் கணித்த கிளெயர் பற்றர்சன் 1965 இல், மனித உடலிலும் காற்றிலும் உள்ள ஈயம் இயல்பினும் பன்மடங்கு மிக்கதென நிறுவினார். குழந்தைகளின் அறிவாற்றலை அது குறைப்பது 1970களின் இறுதியில் வெளியாயிற்று. அமெரிக்காவில் 1996 இலும், இலங்கையில் 2002 இலும் அது நீங்கிற்று. கடைசியாக அல்சீரியா 2021 இல் நிறுத்தியது.

ஈயம் நீங்கியபோது பழைய கார் வைத்திருந்தார்க்கு ஒரு புதிய தொல்லை வந்தது. வார்ப்பிரும்பிலேயே கடைந்த பழைய வால்விருக்கைகளுக்கு, எரிந்த ஈயத்தின் மெல்லிய படிவு உராய்வைத் தடுக்கும் மெத்தைபோல் இருந்தது. அது அற்றபின், வேகத்திலும் பாரத்திலும் வெளியேற்று வால்வு இருக்கையை மெல்லத் தேய்த்து உள்ளே அமிழ்ந்தது. வால்வு இடைவெளி ஒழிந்து, அமுக்கம் கசிந்தது. எண்ணெய் விட்டு அளந்தும் உயராத அமுக்கத்தின் காரணம் பலவேளை இதுவாயிருக்கும். மூடியைக் கழற்றி, கடினமான உருக்கு வளையங்களை இருக்கையாக இறுக்கிவிட்டால் அத்தொல்லை தீரும். தட்டொலிக்கோ அமெரிக்காவும் பிரேசிலும் இந்தியாவும், அன்று இந்தியானாபொலிசுக்குச் சென்ற காரில் இட்ட அற்ககோலையே இப்போது பெற்றோலிற் கலக்கின்றன. புதிய எஞ்சின்களில், சிலிண்டர்க் கட்டின் புறத்தே பொருத்திய சிறு உணரி ஒன்று தட்டொலியைச் செவிமடுத்து, அது எழுந்தவுடன் மின்பொறியின் நேரத்தைச் சிறிது பின்தள்ளி ஒலியை அடக்கிவிடுகின்றது.